புது பங்க்கில் நிற்கும் மாப்பிள்ளைக்கு

சிங்காநல்லூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பல்லடம் ரோட்டுப் புது பங்க்கில் இந்தத் தடவை நீயே பொறுப்பாக நின்று டிஸ்பென்சரை ஓட்டிவிடப் போகிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம், அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது என்றாள். அதைக் கேட்டபிறகுதான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. நாள் குறித்தாயிற்றே என்கிற அவசரம் புது பங்க்கில் பண்ணுகிற வேலை கொஞ்சநஞ்சம் இல்லை.

முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. பூஜையும் ரிப்பனும் அவர் இஷ்டம். பெட்ரோல் ஓடுவது உன் செக் லிஸ்ட் முடிந்த பிறகுதான். மூஞ்சியைச் சுளிப்பார், சுளிக்கட்டும். எக்ஸ்புளோசிவ் லைசென்ஸ் கைக்கு வராமல் டேங்கர் லாரி உள்ளே வரவே கூடாது. பெட்ரோலியம் விதிகள் 2002 போட்டிருக்கிற கட்டு அது. அந்த லைசென்ஸ் தருகிற பெசோவின் கையெழுத்துக்குக் காத்திருக்கிற மனுஷன் உன் கையெழுத்துக்கும் ஒரு நாள் காத்திருக்கலாம்.

பூஜை என்றதும் ஒன்று. புது மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போடட்டும். கற்பூரமும் ஊதுபத்தியும் காம்பவுண்டுக்கு வெளியே. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். தரையோடு படர்ந்து டிஸ்பென்சருக்கு அடியில் இருக்கிற சம்ப்பிலும் கேபிள் டிரெஞ்சிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே பற்றும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து அடிக்கிற மாதத்தில் அள்ளிக்கொண்டு போய்விடும். பனிக்கால விடியலில் இலைகூட அசையாது. முகூர்த்தம் வைப்பதோ விடியல் நேரத்தில்தான். ஐயரிடம் நீ போய்ப் பேசாதே, முதலாளி வீட்டுப் பெரியவர் ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்.

அடுத்தது உதவிக்கு வருகிற ஆட்கள். 1937-லேயே மோட்டார் செய்த ஊர் இது. எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் போர்வெல் சப்மெர்சிபிளைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையன் ஒருத்தன் இருப்பான். டேங்க்கில் இறங்குகிற பம்ப்பும் அதே மாதிரிதானே என்று அவன் கை வைப்பான். ஒரு விஷயத்தில் அவன் பேச்சைக் கேள்: பேஸ் மாறிவிட்டால் பம்ப் திருப்பிச் சுற்றும், சத்தம் வரும், பிரஷர் வராது. இதை உன்னைவிடச் சீக்கிரம் அவன் கண்டுபிடிப்பான். ஆனால் பிளேம்புரூஃப் பெட்டியை அவன் கையில் கொடுத்துவிடாதே. ஆவி உள்ளே போகாமல் தடுக்கிற பெட்டி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆவி உள்ளே போகத்தான் போகும். உள்ளே வெடித்தாலும் பெட்டி தாங்கி, மூடிக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கிற மயிரிழை இடுக்கு வழியே தீப்பிழம்பு வெளியே வருவதற்குள் குளிர்ந்துவிட வேண்டும், அதற்காகச் செய்தது. அந்த முகப்பில் ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பிக் கீறல் விழுந்தால் போச்சு. ஒரு போல்ட் குறைந்தாலும், கேபிள் வராத ஓட்டையில் சான்று பெற்ற பிளக் இல்லாமல் எம்-சீல் அடைத்திருந்தாலும், அந்தப் பெட்டி வெறும் தகரம்தான். மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கிற வேலையை எலக்ட்ரானிக் கார்டு மாட்டுவதற்கு முன்னால், பெட்ரோல் வாசனைகூட இல்லாத நாளிலேயே முடித்துவிடு.

ஷியர் வால்வை நீயே குனிந்து பார். அதன் கழுத்தில் இருக்கிற பள்ளம் ஐலண்ட் மட்டத்துக்கு நேராக வர வேண்டும். அரை இஞ்சுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. வால்வின் உடம்பு இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுகியிருக்க வேண்டும். தேங்காய் லோடு டிராக்டர் ரிவர்ஸில் வந்து மெஷினை இடித்தால் வால்வு அந்தப் பள்ளத்தில் முறிந்து லைனை அடைக்கும். சட்டத்தில் கட்டாமல் விட்டிருந்தால் வால்வு முறியாது, பைப்தான் பிடுங்கிக்கொண்டு வரும். பம்ப் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். பம்ப் ஓடும்போதே கையால் தட்டிவிட்டு, நின்றதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடு.

டேங்க்கைத் தண்ணீர் நிரப்பிச் சோதித்திருப்பார்கள். அடியில் தங்கியது போயிற்றா என்று டிப் ராடில் தண்ணீர் காட்டுகிற பேஸ்ட் தடவிப் பார்க்காமல் முதல் லோடை இறக்க விடாதே. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் நிற்கும். பழைய பேஸ்ட் அதைச் சரியாகக் காட்டாது, எத்தனாலுக்கு உரியதை வாங்கி வை. முதல் நாளே பத்து வண்டி பாதி வழியில் நின்றால் பங்க்குக்கு வருகிற கெட்ட பேர் லேசில் போகாது.

லைனில் காற்று எடுக்கும்போது டேங்க்குக்குத் தூரமான டிஸ்பென்சரில் ஆரம்பி. பிளாஸ்டிக் கேனில் பிடிக்காதே. உலோகப் பாத்திரத்தைத் தரையில் வைத்து, நாசில் விளிம்பைத் தொட்டபடி மெதுவாக விடு. பிடித்ததை டேங்க்கில் ஊற்று, டோட்டலைசர் ரீடிங்கைப் புத்தகத்தில் எழுது. இல்லையென்றால் ராத்திரி கணக்கில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். பிளம்பர் விட்டுப்போன மணலும் டேப் துணுக்கும் ஃபில்டரில் வந்து சேரும், கொஞ்ச நாளில் மாற்றச் சொல்லிவிட்டு வா.

மீட்டருக்குக் காற்றும் பெட்ரோலும் ஒன்றுதான், இரண்டையும் எண்ணும். காற்று முழுக்கப் போகாமல் அளவு வைத்தால் அத்தனையும் வீண். ஐந்து லிட்டர் பாத்திரத்தை ஒரு தடவை நிரப்பிக் கொட்டி நனைத்துக்கொண்டு, வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று பார். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை ஏற்ற இறக்கத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். அந்த 25 முதலாளிக்குச் சேரட்டும் என்று யாராவது காதில் ஓதினால் கேட்காத மாதிரி இரு. பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் வைக்க முடியுமோ வை. முத்திரை ஆய்வர் வந்து சீல் போடுகிற வரை விற்பனை கிடையாது; பிறகு சீலை அறுக்க வேண்டி வந்தால் மறுபடி அவர் வர வேண்டும். 2017 ஏப்ரலில் லக்னோ பக்கம் பங்க் மெஷின்களுக்குள் சிப் வைத்து அளவைக் குறைத்ததை அந்த மாநிலப் போலீசின் எஸ்.டி.எஃப். பிடித்தது. அதற்குப் பிறகு சீல் அறுந்த மெஷினுக்குப் பக்கத்தில் டூல் பாக்ஸோடு நிற்கிறவனை ஒருத்தரும் நல்லவிதமாகப் பார்ப்பதில்லை.

கிளம்புவதற்கு முன்னால் பெட்ரோல் போடுகிற பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு, ஒவ்வொருத்தர் கையாலும் எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்த வை. முதலாளி திட்டுவாரோ என்று பயந்து சும்மா நிற்கிற பழக்கம் அவர்களுக்கு உண்டு. அதனால் அவர் கண் முன்னாலேயே அழுத்த வை.

அந்தப் பக்கம் மண் ஓடக்கல், கோடையில் எர்த் பிட் காய்ந்துபோகும்; எர்த்தை அளந்து பார்க்காமல் விடாதே. உங்கள் கம்பெனி எர்த் டெஸ்டர் வேறு சைட்டில் இருக்கிறது என்று சாக்குச் சொன்னால், என்னுடையது பரண்மேல் சும்மாதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. பேட்டரி புதிதாகப் போட வேண்டும்.

உன் மாமா