'டு'வுக்குப் பின்னால் 'இங்' வரலாமா?

கேள்வி: ஐயா, மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் கணக்கு எழுதுகிறேனுங்க. வெளிமாநில வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில் மெயில் அனுப்புவதும் என் வேலைதான். "வீ லுக் ஃபார்வேர்டு டு ரிசீவ் யுவர் பேமென்ட்" என்று எழுதியிருந்தேன். 'ரிசீவிங்' என்றுதான் வர வேண்டும் என்கிறார் முதலாளியின் மகன். 'டு' வந்தால் அடுத்து வெறும் வினைதான் வரும் என்று பள்ளியில் படித்தேனே? இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட், பார்ட்டிசிபிள் மூன்றும் எனக்கு எப்போதும் குழப்பம்தானுங்க.
- வாசகி, மேட்டுப்பாளையம்

பதில்: முதலாளி மகன் சொன்னது சரி, அம்மணி. நீங்கள் படித்ததும் தப்பில்லை, பாதிப் பாடம். ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. 'வான்ட் டு கோ'வில் இருப்பது இன்ஃபினிட்டிவோடு வருவது. 'லுக் ஃபார்வேர்டு டு'வில் இருப்பது பிரிப்பொசிஷன். நம் 'கு' உருபு மாதிரி, பெயரைத்தான் கேட்கும். சந்தேகம் வந்தால் 'டு'வுக்குப் பின் ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். 'லுக் ஃபார்வேர்டு டு யுவர் பேமென்ட்' பொருந்துகிறதா? அப்படியானால் அங்கே வரும் வினையும் 'இங்' போட்டுப் பெயராகித்தான் வர வேண்டும். அதுதான் ஜெரண்ட். 'வான்ட் டு பேமென்ட்' என்று யாரும் சொல்வதில்லை.

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். மூன்றுக்கும் உறவு நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 'கழுவ' என்ற எச்சம் இன்ஃபினிட்டிவுக்குப் பக்கம். 'கழுவுதல்' என்ற தொழிற்பெயர் ஜெரண்ட். 'கழுவிய கிழங்கு', 'முளைக்கிற கிழங்கு' என்ற பெயரெச்சங்கள் பார்ட்டிசிபிள். 'வாஷ்டு பொட்டேட்டோஸ்', 'ஸ்ப்ரவுட்டிங் பொட்டேட்டோஸ்'. ஜெரண்டும் பார்ட்டிசிபிளும் ஒரே 'இங்' சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதால்தான் இத்தனை குழப்பம்.

பொருளே மாறிப்போகும் இடங்களில் இந்த உறவு நன்றாகக் கைகொடுக்கும். 1899 முதல் உங்கள் ஊரிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நீராவி எஞ்சின் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கிறது: 'தி டிரெய்ன் ஸ்டாப்டு டு டேக் வாட்டர்'. இதையே 'ஸ்டாப்டு டேக்கிங் வாட்டர்' என்று எழுதினால் தண்ணீர் பிடிப்பதை நிறுத்திவிட்டது என்றாகும். உங்கள் மெயிலிலும் கவனம் வேண்டும். 'ரிமெம்பர் டு பே' என்றால் மறக்காமல் கட்டுங்கள். 'ஐ ரிமெம்பர் பேயிங்' என்று வியாபாரி பதில் போட்டால், கட்டிவிட்ட ஞாபகம் என்று பொருள். பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

தமிழ் கைவிடும் இடமும் உண்டு. 'படிக்கப் பிடிக்கும்' என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'என்ஜாய் டு ரீட்' கூடாது, 'என்ஜாய் ரீடிங்' மட்டும்தான். அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், சஜஸ்ட் எல்லாம் இதே ரகம். இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான். கைடுகளில் பக்கக் கணக்கில் இருக்கும் பட்டியலை மனப்பாடம் செய்வதும் வீண். நீங்கள் அன்றாடம் எழுதும் பத்துப் பன்னிரண்டு வினைகள் போதும்.

பார்ட்டிசிபிளில் இன்னொரு வழுக்கல் இருக்கிறது. 'தோட்டத்துக்கு நடந்துபோகையில் யானை எதிரே வந்தது' என்பது நல்ல தமிழ். அதையே 'வாக்கிங் டு தி ஃபார்ம், அன் எலிஃபன்ட் கேம் டுவேர்ட்ஸ் மீ' என்றால், தோட்டத்துக்கு நடந்தது யானை என்றாகிவிடும். (கல்லாறு பக்கம் அதுவும் நடக்கக்கூடியதுதான்!) முன்னால் வரும் பார்ட்டிசிபிள், பின்னால் வரும் எழுவாயையே போய்ப் பிடித்துக்கொள்ளும். தமிழுக்கு இது புதிதல்ல. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடிய வேண்டும் என்று தொல்காப்பியர் வினையியலில் சொல்லிவிட்டார். 'நடந்து யானை வந்தது' என்றால் நடந்தது யானைதானே! 'போகையில்' என்பதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை; ஆங்கில 'இங்'குக்கு உண்டு. அதனால் 'ஆஸ் ஐ வாஸ் வாக்கிங் டு தி ஃபார்ம்' என்று 'ஐ'யைச் சேர்த்தே எழுதிவிடுங்கள்.