பனீர் ஏன் உருகல, மிஸ்?

சென்ற ஆண்டு நான் செய்த ஒரு தவறிலிருந்தே தொடங்குகிறேன். ஏழாம் வகுப்பில், "சத்தான மாலைச் சிற்றுண்டி ஒன்றை வீட்டில் செய்து, செய்முறையை எழுதி வருக" என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், மாதிரிக்காகச் சீஸ் டோஸ்ட் செய்முறையைக் கரும்பலகையிலும் எழுதிப் போட்டேன். மறுநாள் பெரும்பாலான நோட்டுகளில் என் கரும்பலகைதான் இருந்தது. யாரும் செய்து பார்க்கவில்லை. கடைசி வரிசை மாணவி ஒருத்தி மட்டும் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

"ஏம்மா முடிக்கல?"

"எங்க வீட்ல சீஸ் இல்ல மிஸ். பால் பாக்கெட் ஒண்ணு வாங்குவோம், அதுவும் டீக்குத்தான்."

அண்ணனூர் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்கு நிற்பவர்களைப் பார்த்தால் என் மாணவர்களின் பெற்றோர் பலரைப் பார்த்துவிடலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கோ ஆவடிப் பக்கமோ வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் காலைப் பசியைப் பார்த்துக்கொள்கிறது. மதியத்துக்குச் சத்துணவு இருக்கிறது. பள்ளி விட்டு அம்மா வீடு சேரும் வரையிலான அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் பெட்டிக்கடை சிப்ஸ் பாக்கெட்டுக்குப் போய்விடுகிறது. அந்த நேரத்தை நினைத்துத்தான் வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஆனால் அந்த வீடுகளில் என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை.

ஆகவே 'நம்மைச் சுற்றி நிகழும் மாற்றங்கள்' பாடம் வந்தபோது, அந்தப் பால் பாக்கெட்டிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

அரை லிட்டர் ஆவின் பால், ஓர் எலுமிச்சம்பழம், பழைய வேட்டித் துணி, மின் அடுப்பு. அடுப்பருகில் நான் மட்டும்தான். பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டேன். எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு கரண்டியாக ஊற்றிக் கிளறினேன். மூன்றாவது கரண்டியில் பால் திரிந்தது. "ஐயோ, கெட்டுப்போச்சு!" என்று ஒரே சத்தம். வெள்ளைக் கட்டிகள் ஒரு பக்கம், பச்சை கலந்த மஞ்சள் நீர் ஒரு பக்கம். துணியில் வடிகட்டி, புளிப்புப் போகக் குளிர்ந்த நீர் ஊற்றி அலசி, முறுக்கிப் பிழிந்து, அதன்மேல் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றை இருபது நிமிடம் வைத்தோம். தராசில் வைத்தால் ஏறத்தாழ 80 கிராம் பனீர்.

பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை இருப்பதால் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலம் அந்தச் சுமையைச் சமன்செய்துவிட, விலகல் போய் ஒட்டிக்கொள்கின்றன. அந்தக் கட்டியை மறுபடி பாலாக்க முடியுமா என்று கேட்டேன். 'மீளா மாற்றம்' என்ற சொல் அவர்கள் வாயிலிருந்தே வந்தது. வரையறையை நான் எழுதிப்போட வேண்டியிருக்கவில்லை.

அடுத்து டோஸ்ட். உதிர்த்த பனீரில் துருவிய கேரட், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கொத்தமல்லி, கறிவேப்பிலை, பொடித்த மிளகு, சிட்டிகை உப்பு. பிரெட்டின் ஒரு பக்கத்தைத் தோசைக்கல்லில் வாட்டித் திருப்பி, வாட்டிய பக்கத்தின்மேல் கலவையைப் பரப்பி, மூடி போட்டு, குறைந்த சூட்டில் மூன்று நிமிடம். வாட்டிய பக்கத்தில் பரப்பினால் பிரெட் ஊறிப்போகாது. பிரெட் பழுப்பாவது மயார்டு வினை. புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் வினைபுரிந்து நிறமும் மணமும் தருவதை லூயி கமீய் மயார்டு என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912இல் விளக்கினார். தோசை முறுகுவதிலும் இதே வினைக்குப் பங்குண்டு என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடித்த முதல் மாணவனின் சட்டையில் பாதிப் பனீர் உதிர்ந்தது. அவன் கேட்டான்: "விளம்பரத்துல நூல் நூலா வருதே. நம்ம பனீர் ஏன் உருகல, மிஸ்?"

எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். இருபது ஆண்டு ஆசிரியப் பணியில் இதைச் சொல்ல இப்போதுதான் கூச்சம் குறைந்திருக்கிறது.

அன்றிரவு படித்துத் தெரிந்துகொண்டது இது. உருகும் வகைச் சீஸ்களைப் பெரும்பாலும் ரென்னெட் என்னும் நொதியால் உறைய வைக்கிறார்கள். அதில் கேசீன் உருண்டைகளைக் கால்சியம் பாலம்போல் பிணைத்து வைக்கிறது. சூடேறினால் பிணைப்பு தளர்ந்து சீஸ் வழிகிறது. பனீரிலோ அமிலம் கால்சியத்தில் பெரும்பகுதியைக் கரைத்து நீரோடு அனுப்பிவிடுகிறது. புரதங்கள் நேரடியாக இறுகிக்கொள்கின்றன. மேலும் சூடாக்கினால் தண்ணீர் வெளியேறி இன்னும் இறுகுமே தவிர உருகாது. பனீரை வறுத்தாலும் துண்டு துண்டாகவே நிற்பது இதனால்தான்.

மறுநாள் ஒரு சீஸ் உறையையும் இரண்டு பிரெட் உறைகளையும் கொண்டுபோனேன். பதப்படுத்திய சீஸ் சீராக உருகுவதற்காகச் சேர்க்கும் சோடியம் உப்புகள் 331, 339 போன்ற எண்களாக உறையில் இருக்கும். கண்டுபிடிக்கச் சொன்னதும் போட்டி போட்டுத் தேடினார்கள். சோடியத்தின் அளவை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தசமப் பெருக்கலுக்கு இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. அதற்காகச் சீஸை ஆகாத பொருள் என்று நான் சொல்லவில்லை. அதிலும் புரதமும் கால்சியமும் உண்டு. எப்போதாவது சாப்பிடலாம், கலவையில் உப்புப் போடாமல்.

பிரெட் உறையில் இன்னொரு ஆச்சரியம். பொருட்பட்டியலை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பழுப்பு நிற பிரெட் ஒன்றின் பட்டியலில் முதலில் இருந்தது மைதா. பழுப்பைத் தந்தது 150 என்று தொடங்கும் எண்ணுள்ள கேரமல் நிறமி. "ஏமாத்து வேலை மிஸ்!" என்றான் ஒருவன். பட்டியலில் எழுதித்தானே இருக்கிறது, நாம்தான் படிக்கவில்லை என்றாள் இன்னொருத்தி. அந்த வாக்குவாதத்தை மணி அடிக்கும்வரை நான் நிறுத்தவில்லை.

பனீர் உதிர்வதற்கும் அவர்களே வழி கண்டார்கள். இரண்டு கரண்டி கெட்டித் தயிர் சேர்த்துப் பிசைந்தால் நன்றாக ஒட்டுகிறது. கடைசி வரிசை மாணவி இந்த முறை இரண்டு பக்கம் எழுதி வந்தாள். பிரெட்டே இல்லை. அவளுடைய ஆயா புளித்த தோசை மாவில் ஊத்தப்பம் ஊற்றி, அதன்மேல் பனீர்க் கலவையைத் தூவியிருக்கிறார். தோசை மாவு ஒட்டிக்கொள்வதால் தயிர்கூடத் தேவைப்படவில்லையாம். வடித்த நீரில் ஆயா சப்பாத்தி மாவு பிசைந்ததையும் எழுதியிருந்தாள். நான் வகுப்பில் அதைக் கீழே கொட்டியிருந்தேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார் என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். செய்த பனீரை அன்றே தீர்த்துவிடுங்கள், நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது.

எலுமிச்சை, வினிகர், புளித்த தயிர் மூன்றிலும் தனித்தனியே செய்தால் எதில் பனீர் அதிகம் கிடைக்கும் என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஒதுக்கியிருக்கிறேன். தராசு மளிகைக்கடையிலிருந்து வருகிறது.