வயிறு சிறுத்த பிறகு

உடல் எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு அறுவை சிகிச்சை நிபுணர் பதில் அளிக்கிறார்.

என் கணவருக்கு ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. நீராகாரம் மட்டும்தான் கொடுக்கச் சொன்னார்கள். என் மாமியாரோ, "தெம்பு வர வேண்டாமா? குழைத்த சாதம் நாலு வாய் கொடு" என்று வற்புறுத்துகிறார். கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

கொடுக்காதீர்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறோம். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய்தான். அதன் நீளம் முழுவதும் ஸ்டேப்பிள் போட்டு மூடிய வெட்டு இருக்கிறது. அது ஆறுவதற்குள் கெட்டியான உணவு உள்ளே போனால் அடைத்துக்கொள்ளும், வாந்தி வரும், குமட்டி முக்கும்போது புண்ணுக்கும் சிரமம்.

பொதுவாக முதல் இரண்டு வாரம் திரவ உணவு, அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் மசித்த உணவு, அதன்பின் மெத்தென்ற உணவு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வழக்கமான சாப்பாடு. நாள் கணக்கு மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். உங்களுக்குக் கொடுத்த அட்டவணையையே பின்பற்றுங்கள்.

உங்கள் மாமியார் தெம்பைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இப்போது தெம்பைக் கொடுக்க வேண்டியது புரதம். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் தேவை. 200 மி.லி. பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல் இருக்கிறது. இளநீரிலும் கஞ்சித் தண்ணீரிலும் அது இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் ஆரம்ப வாரங்களில் புரதப் பவுடரை எழுதித் தருகிறோம். அதைப் பாலிலோ மோரிலோ கலந்து கொடுங்கள். வடிகட்டிய பருப்புத் தண்ணீர், காரம் குறைத்த ரசம், கோழி சூப் எல்லாம் நடுநடுவே இருக்கட்டும். பொறுப்பைப் பெரியவரிடமே ஒப்படைத்துப் பாருங்கள்: "அத்தை, ஒரு நாளைக்கு 60 கிராம் சேர்க்கணும், நீங்களே கணக்குப் பார்த்துக் கொடுங்க" என்றால் சாதத்தை மறந்துவிடுவார்.

இன்னொன்று, நம் ஊரில் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து மடக் மடக்கென்று குடிக்கும் பழக்கம். இனி அது கூடாது. காற்றும் சேர்ந்து உள்ளே போய் நெஞ்சை அடைக்கும். டம்ளரை வாயில் வைத்து, ஒவ்வொரு மிடறாக, நாள் முழுக்கச் சேர்த்து ஒன்றரை லிட்டராவது குடிக்க வேண்டும்.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், காய்ச்சல் வந்தால், வயிற்றுவலி கூடிக்கொண்டே போனால், மூச்சு வாங்கினால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தையலில் கசிவு, காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு ஆகியவற்றின் அறிகுறிகள் இவை.

எனக்கு பைபாஸ் முறையில் எடை குறைப்பு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். எடை இன்னும் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சுகர் இறங்கிவிட்டது. பத்து வருடமாகப் போட்டு வந்த சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? மூட்டுவலிக்கு வழக்கமாகப் போடும் மாத்திரை போடலாமா?
– வாசகர், மதுரை

எடைக்கு முன்னால் சுகர் இறங்குவது இந்த ஆபரேஷனில் சகஜம். சாப்பாடு சிறுகுடலின் முற்பகுதியைத் தொடாமல் வேகமாகக் கீழே போய்ச் சேர்வதால், இன்சுலினைத் தூண்டும் குடல் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன. சாப்பிடும் அளவும் குறைந்துவிட்டது. இந்த நிலையில் பழைய அளவிலேயே இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுத்தால் சுகர் ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். ஆகவே மருந்தைக் குறைக்கத்தான் வேண்டும். எதை, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் இந்த வாரமே முடிவு செய்யட்டும். பிரஷர் மாத்திரைக்கும் இதே கதைதான். பிறகு எல்லா மாத்திரையும் நின்றுபோனாலும் நோய் ஒழிந்தது என்று எண்ண வேண்டாம். அது அடங்கியிருக்கிறது, திரும்பவும் தலைதூக்கலாம். மூன்று மாதச் சராசரி சுகர் பரிசோதனையும், ஆண்டுக்கொரு முறை கண் விழித்திரைப் பரிசோதனையும் தொடரட்டும்.

மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் இனி வேண்டாம். இரைப்பையும் குடலும் இணைத்த இடத்தில் புண் உண்டாகி ரத்தம் கசியும், ஓட்டைகூட விழலாம். புகையிலையும் அதையே செய்யும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மெடிக்கல் ஷாப்பில் "ஒரு வலி மாத்திரை கொடுங்க" என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஸ்லீவ் செய்து நாலு மாதம் ஆகிறது. சீப்பை வைத்தால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. பயோட்டின் மாத்திரை வாங்கலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

ஆபரேஷனும் வேகமான எடை இழப்பும் உடலுக்கு ஓர் அதிர்ச்சி. அப்போது நிறைய முடிவேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போகின்றன. அந்த முடிகள் மூன்று, நான்கு மாதம் கழித்து உதிர்கின்றன. வேர் சாவதில்லை. பெரும்பாலும் சில மாதங்களில் நின்று, மறுபடி முளைத்துவிடும். பயோட்டினால் பெரிய பலன் இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவையே தவறாகக் காட்டும். புரதம் 60 கிராம் சேர்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓர் ஆண்டுக்குப் பிறகும் கொட்டினால் இரும்புச்சத்து, துத்தநாகம் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

முடியைவிட எனக்குக் கவலை தருவது, ஆறு மாதத்தில் "உடம்பு நல்லா இருக்கே" என்று சத்து மாத்திரைகளைக் கைவிடுபவர்கள்தான். மல்டிவைட்டமின், பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுவதற்கும். கால்சியம் நாளுக்கு 1,200 முதல் 1,500 மி.கி. வரை, பிரித்துப் பிரித்து. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயோடு இரும்பு மாத்திரை சேராது. சைவர்களுக்கு பி12 விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை; கால் மரத்துப்போகும் வரை காத்திருந்தால் நரம்புச் சேதம் முழுமையாகச் சரியாகாமலும் போகலாம்.

தொடர்ந்து சில நாள் வாந்தி இருந்தால் பி1 என்ற தயமின் வேகமாகத் தீர்ந்துபோகும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், ஆபரேஷன் ஆனதைச் சொல்லி, தயமின் ஊசியை முதலில் போடச் சொல்லுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு அதிகமாகும்.

பிசிஓடியால் ஆறு வருடமாகக் குழந்தை இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு மாதவிலக்கு ஒழுங்காகிவிட்டது. "விசேஷம் உண்டா?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். எப்போது முயற்சி செய்யலாம்?
– வாசகி, சேலம்

12 முதல் 18 மாதம் பொறுங்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் உங்களுக்கே சத்துப் போதாது. ஆனால் எடை குறைந்ததும் கருமுட்டை வெளிவரத் தொடங்கும். "எனக்குத்தான் தரிக்காதே" என்று இருப்பவர்களே எதிர்பாராமல் கருவுறுகிறார்கள். எனவே இடைக்காலத்தில் கருத்தடை அவசியம். பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது; காப்பர்-டி போன்றவை நல்லது. கருவுற்றால், சுகர் பார்ப்பதற்குக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்லும்போது ஆபரேஷன் விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அது படபடப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். வேறு வழியில் சுகரைக் கண்காணிக்க முடியும்.

ஸ்லீவ் செய்து இரண்டு வருடம். 38 கிலோ குறைந்து, இப்போது 6 கிலோ ஏறிவிட்டது. ஒன்றரை இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. பிறகு எப்படி ஏறுகிறது? கல்யாண வீட்டில் "ஏன் இப்படி இளைச்சுட்டீங்க, சுகரா?" என்று வேறு துக்கம் விசாரிக்கிறார்கள். ஆபரேஷன் தோற்றுவிட்டதா?
– வாசகர், சென்னை

தோற்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றரை ஆண்டுக்குள் எடை அடிமட்டத்தைத் தொடும். பிறகு சில கிலோ ஏறுவது வழக்கம். கவனிக்க வேண்டியது, அது எந்த வழியில் ஏறுகிறது என்பதை.

சிறிய வயிறு இட்லியையும் கோழித்துண்டையும்தான் தடுக்கும். முறுக்கு, மிக்சர், பிஸ்கட், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி எல்லாம் கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இட்லியை எண்ணிய நீங்கள், இடையில் குடித்த காபியையும் கொறித்ததையும் எண்ணியிருக்க மாட்டீர்கள். மூன்று நாள் வாயில் போன அனைத்தையும் எழுதிப் பாருங்கள்.

தட்டில் முட்டை, மீன், பனீர், சுண்டல் முதலில், காய் அடுத்து, சாதமோ இட்லியோ கடைசியில். இருபது நிமிடமாவது மென்று சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி கழித்துக் குடியுங்கள். நடைப்பயிற்சியோடு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். மதுவில் கவனம்: இப்போது வேகமாக ஏறும், உணவில் கிடைத்த ஆறுதலைக் குடியில் தேடிப் போனவர்கள் உண்டு.

பந்தியில் பரிமாறுபவரிடம் இலையைக் கைகாட்டி மறைத்து "போதும்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. விசாரிப்பவர்களிடம் "டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன், நல்லா இருக்கேன்" என்றால் போதும். ஆபரேஷனைச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். மனச்சோர்வு விடாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

எடை ஏறியதும் வெட்கப்பட்டு மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் பலர். வர வேண்டிய நேரமே அதுதான். உணவு முறையைத் திருத்தலாம், தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. 6 கிலோவில் வந்தால் வேலை சுலபம். 20 கிலோ ஆகட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.