சைக்கிள் குழுவை நடத்தப் போகிறீர்களா? அடுப்பு மூட்டப் பழகுங்கள்

மணாலியிலிருந்து லே போகும் மலைச்சாலையில் சைக்கிள் குழுக்களை அழைத்துச் செல்லும் வேலைக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் காலம். பஞ்சர் ஒட்டத் தெரியும், முதலுதவி தெரியும் என்று விண்ணப்பத்தில் எழுதுகிறீர்கள். நல்லது. டென்ட் வாசலில் காலை நாலரை மணிக்கு ஐந்து பேருக்குத் தேநீர் போடத் தெரியுமா? என்னைக் கேட்டால், ஆள் எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

காரணம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. பனி உருகிய ஓடைகள் பல இடங்களில் சாலையின் குறுக்கே ஓடும். அங்கே அவற்றை நாலா என்பார்கள். காலையில் கணுக்கால் நனைகிற அளவுக்கு இருக்கும் தண்ணீர், வெயில் ஏற ஏற முழங்கால்வரை வந்துவிடும். ஆகவே சீக்கிரம் கிளம்ப வேண்டும். சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் சூடாக எதையாவது சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும். அடுப்பு அரைமணி நேரம் தகராறு செய்தால் அன்றைய திட்டமே குலைந்துவிடும்.

எந்த அடுப்பு? சிறிய கேஸ் கேனின் தலையில் திருகும் அடுப்பு இலேசானது, பற்றவைப்பதும் எளிது. ஆனால் கடுங்குளிரில் சோர்ந்துவிடும். கேனில் வெறும் பியூட்டேன் இருந்தால், சுழியத்துக்கு அரை டிகிரி கீழே போனதுமே கடல் மட்டத்தில் அது ஆவியாவது நின்றுவிடும். மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் சில டிகிரி தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான். புரொப்பேன் அல்லது ஐசோபியூட்டேன் கலந்த கேனாகப் பார்த்து வாங்குங்கள். இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேஸை விமானத்திலோ ரயிலிலோ கொண்டுபோக முடியாது. மணாலியில் மலையேற்றச் சாமான் விற்கும் கடைகளில் விசாரித்து வாங்க வேண்டியதுதான்.

குழுவை நடத்துபவருக்கு நான் பரிந்துரைப்பது பெட்ரோலில் எரியும் அடுப்பு. போகும் வழியில் கேலாங்குக்குச் சற்று முன்னால் தண்டியில் பங்க் இருக்கிறது. அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று அங்கே வைத்த பலகை சைக்கிள்காரர்களிடையே பிரபலம். புட்டியை அங்கேயே நிரப்புங்கள், ஆனால் கழுத்துவரை வேண்டாம். பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றக் கொஞ்சம் காலியிடம் தேவை. நம் வீடுகளில் இருந்த மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வைக் கையாண்டவர்களுக்கு இது புதிதல்ல. முதலில் சில துளி எரிபொருள் விட்டுப் பற்றவைத்து பர்னரைச் சூடாக்க வேண்டும், மஞ்சள் சுடர் அடங்கும் நேரத்தில் வால்வைத் திறக்க வேண்டும், சுடர் நீலமாக வர வேண்டும். நீலம் வராமல் புகைந்தால் பர்னர் சூடு போதவில்லை, அல்லது துளை அடைத்திருக்கிறது. பின் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். சாதாரண பெட்ரோலில் கரி அதிகம் படிவதால் இந்த வேலை அடிக்கடி வரும். கையுறையோடு, இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அடுப்பைக் கழற்றி மாட்டும் அளவுக்கு ஊரில் மொட்டைமாடியிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

காற்று பெரிய எதிரி. பெட்ரோல் அடுப்பைச் சுற்றித் தகட்டுத் தடுப்பு வைக்கலாம், ஏனென்றால் புட்டி தள்ளி இருக்கும். கேனின் மேலேயே நிற்கும் கேஸ் அடுப்பைச் சுற்றி முழுவதுமாக மறைக்கக் கூடாது. சூடு உள்ளேயே தங்கினால் கேன் வெடிக்கலாம்.

இனி சமையல். இதே சாலையில் உள்ள சார்ச்சு ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டால் எரிபொருள்தான் தீரும், பருப்பு கல்லாகவே கிடக்கும். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றைச் சுமக்க மனமிருந்தால் சோறும் பருப்பும் கிடைக்கும். நான்கு பேருக்கு மேல் என்றால் அந்த எடை தகும். இல்லாவிட்டால் நெடுநேரம் கொதிக்க வைக்கத் தேவையில்லாதவற்றையே எடுத்துச் செல்லுங்கள். அவல் சுடுதண்ணீரில் ஊறினாலே போதும். ரவையை ஊரிலேயே எண்ணெய், கடுகு, மிளகாய் வற்றலோடு வறுத்துக் கட்டி எடுத்துப் போனால், உப்புப் போட்ட கொதிநீரில் கொட்டிக் கிளறியதும் உப்புமா. சேமியா, பருப்புப் பொடி, சத்து மாவு எல்லாம் இதே வகை. பருப்பு கட்டாயம் வேண்டுமென்றால் தோல் நீக்கிய மைசூர்ப் பருப்பை முந்தைய இரவே ஊறவையுங்கள். குடிநீரை நன்றாகக் கொதித்த பிறகும் மூன்று நிமிடம் அடுப்பில் விடுங்கள்.

எல்லா வேளையும் நீங்களே சமைக்க வேண்டியதில்லை. பயணக் காலத்தில் சார்ச்சுவிலும் அதே சாலையில் உள்ள பாங்கிலும் கூடாரத் தாபாக்கள் இருக்கும். மதியச் சாப்பாட்டை அங்கே முடித்து எரிபொருளை மிச்சப்படுத்துங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எவ்வளவு குளிரடித்தாலும் டென்ட்டுக்குள் அடுப்பு எரியக் கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் ஒருபுறம் இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது தரும் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாம் உயரத்தால் வரும் நோயைப் போலவே இருக்கும். குழுவில் ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இரண்டில் எது என்று அந்த இருட்டில் உங்களால் சொல்ல முடியாது. பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றவர் அப்படி ஒரு சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது.

வேலை ஒப்புக்கொள்ளும்போது சமையல் உங்கள் பொறுப்பா, தனி ஆள் உண்டா, எரிபொருளுக்கும் மளிகைக்கும் யார் பணம் தருவது என்று எழுத்தில் கேளுங்கள். வழிகாட்டுவதும் சமைப்பதும் இரண்டு வேலைகள். இரண்டையும் செய்தால் இரண்டுக்கும் கூலி கேட்பது நியாயம். காலி கேன்களைத் திருப்பி எடுத்து வருவது யார் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.