அறுபது வயதுக்கு எந்த அட்டவணை?

‘இந்தியரின் சராசரி ஆயுள் 70’ என்று படித்ததும், 60 வயதுக்காரர் தனக்கு இன்னும் பத்து வருடம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார். 2016–20க்கான மாதிரிப் பதிவு முறை அட்டவணை சொல்லும் அந்த 70, பிறந்த குழந்தைக்கு உரியது. சிறுவயதின் கண்டங்களையெல்லாம் தாண்டி 60ஐத் தொட்டவருக்கு அதற்கு மேலும் ஏறத்தாழ 18 ஆண்டு உண்டு.

கணக்கு எளிது. அட்டவணை ஒரு லட்சம் பிறப்புகளில் தொடங்கி, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று காட்டும். 60இல் 80,000 பேர், 75இல் 52,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். இன்று 60 வயதானவர் 75ஐப் பார்க்கும் வாய்ப்பு 52ஐ 80ஆல் வகுத்தால் வரும் 0.65. இறப்பு வாய்ப்பு மீதி 0.35. லட்சத்தால் வகுத்தால் தவறு. அது பிறந்த குழந்தைக்கான விடை.

எந்த அட்டவணை என்பதில்தான் சிக்கல். இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிடும் மாதிரிப் பதிவு அட்டவணை ஊர்மக்கள் எல்லோரையும் சேர்த்தது. தருமபுரி மாவட்டத்து அதியமான்கோட்டை விவசாயக் குடும்பத்துக்கு அதுவே கிட்டத்தில் வரும். ஆனால் அது மாநிலத்தோடு நின்றுவிடும், தருமபுரிக்குத் தனியாகக் கிடையாது. காப்பீடு எடுத்தோருக்கான 2012–14 அட்டவணை, பெரும்பாலும் வருமானமும் உடல்நலச் சோதனையும் பார்த்துச் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றியது. அதில் இறப்பு குறைவு. பென்ஷன் வாங்குவோருக்கு 2012–15 அட்டவணை தனியே உண்டு. நெடுநாள் இருப்போம் என்று நம்புபவர்தானே பென்ஷனுக்குப் பணம் கட்டுவார்! ஓய்வுக்காலச் சேமிப்பைத் திட்டமிட நான் இதைத்தான் எடுப்பேன். ஆயுளைக் குறைத்துப் போட்டால் பணம் முதலில் தீர்ந்துவிடும்.

வங்கியில் நீட்டும் பிரதமரின் ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீட்டுத் திட்டப் படிவத்தைப் பாருங்கள். 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 436 ரூபாய், காப்பீடு 2 லட்சம், சேரக்கூடிய எல்லா வயதுக்கும் ஒரே கட்டணம். காப்பீட்டு அட்டவணைப்படி ஓராண்டில் இறப்போர், 30 வயதில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் சற்றுக் குறைவு, 40இல் 1.7, 50இல் 4.4. 2 லட்சத்தால் பெருக்கினால் முறையே சுமார் 195, 336, 887 ரூபாய். மருத்துவச் சோதனை இல்லாத திட்டம் என்பதால் உண்மையில் இறப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கும். 50ஐ நெருங்குபவர் யோசிக்காமல் கையெழுத்துப் போடலாம். 30 வயதுக்காரருக்கு அவ்வளவு லாபமில்லை. ஆனால் மாதம் 37 ரூபாய்கூட ஆகாத செலவுக்கு வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

ஆபத்தான தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுபவரை எந்த அட்டவணையும் பிரித்துக் காட்டுவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வயதைக் கூட்டிவைத்துப் படிப்பது காப்பீட்டுக் கணக்கர்களின் பழைய வழக்கம். 35 வயது ஓட்டுநருக்கு 40இன் வரியைப் பார்த்தால், ஆயிரத்துக்கு 1.2 என்றிருந்தது 1.7 ஆகும்.