பார்த்தெழுதும் பிழையும் சடுதி மாற்றமும்

பன்னிரண்டாம் வகுப்பில் ஹீமோபிலியா பாடம் வந்தால் எங்கள் கீழக்கரையில் தவறாமல் எழும் கேள்வி: "சொந்தத்துல கட்டுனதாலயா சார்?"

இல்லை. இந்நோய் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. பரம்பரையில் எவருக்கும் இல்லாதபோதும் புதிய சடுதி மாற்றத்தால் வரலாம். பழி முழுவதும் தாயின் தலையில் விழுகிற வீடுகள் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த மாற்றம் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது? 1935-இல் ஹால்டேன் கணக்கிட்டார். (பின்னர் 1957-இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, இந்தியக் குடிமகனாகவே மறைந்தவர்.) எக்ஸ் குரோமோசோம் பெண்ணுக்கு இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஆகவே நோய் ஜீன்களில் மூன்றில் ஒரு பங்கு ஆண்களிடம். அன்று நோயுற்ற ஆண்கள் பெரும்பாலும் பிள்ளை பெறாமலே இறந்தனர்; அந்தப் பங்கு தலைமுறைதோறும் அழிகிறது. ஆனால் நோய் மறையவில்லை. அழிவதைப் புதிய மாற்றம் ஈடுசெய்கிறது எனக் கொண்டு, தலைமுறைக்கு ஏறத்தாழ 50,000-இல் 1 என்றார்.

வகுப்பில் செய்து பாருங்கள். ஏ, டி, ஜி, சி எழுத்துகளைக் கலந்து 200 எழுதிப்போட்டு, வேகமாகப் பார்த்தெழுதச் சொல்லுங்கள். 40 தாள்களில் 80 பிழை என்றால் சராசரி 2. பிழைகள் தற்செயலாக விழுந்திருந்தால், பாய்சான் பரவல்படி ஐந்தாறு தாள்களில் பிழையே இராது. பிழையற்ற தாள்கள் பத்துப் பதினைந்து வந்தால், நிதானக்காரரும் அவசரக்காரரும் கலந்திருக்கிறார்கள். ஜீன்களிலும் எல்லா இடமும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை.