கதிரியல் சேவையும் நேர்முகப் பரீக்ஷையும்

கல்லூரியை விட்டு வெளியேறும் வித்தியார்த்திகளுக்கு உலகம் திறந்து வைக்கும் முதல் வாயில் பெரும்பாலும் நேர்முகப் பரீக்ஷையேயாம். தோல் பதனிடும் சாலையிற் கணக்கெழுதப் புகுவோனும், பாங்கியில் உத்தியோகம் நாடுவோளும் இவ்வாயிலின் வழியே செல்ல வேண்டியவரே. எனினும் கதிரியல் துறையை நாடிச் செல்வோர் எதிர்கொள்ளும் பரீக்ஷை ஏனையவற்றினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. தச்சன் பிழை செய்யின் மேசை ஆடும். கணக்கன் பிழை செய்யின் தொகை ஒவ்வாது. எக்ஸ் கதிரைக் கையாள்வோன் சிறிது அசட்டையாயிருப்பின் அன்றைய தினம் யாதும் தோன்றாது. கதிரைக் கண் காணாது, மெய் உணராது, அதன் தீங்கும் பல்லாண்டு சென்ற பின்னரே வெளிப்படுதல் கூடும்.

ஆகவே இத்துறையிற் பரீக்ஷிப்போர் அறிய விரும்புவது, "இவன் எத்துணை கற்றான்?" என்பது மட்டுமன்று, "ஒருவரும் காணாதவிடத்து இவன் விதியை அநுசரிப்பானா?" என்பதே முக்கியமாகும். விதியை மனப்பாடஞ் செய்தவன் அவசரத்தில் அதனை விட்டுவிடுவான். அதன் காரணத்தை உணர்ந்தவனோ விடான். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களினின்றும் வந்து பயிலும் நம் மாணவர் இப்பரீக்ஷைக்கு ஆயத்தமாகும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

1. துறையும் அதன் வாயில்களும்

1895ஆம் வருஷம் நவம்பர் மாதம் 8ஆம் நாள் ஜெர்மனி தேசத்து வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். நம் மாகாணத்துத் தலைநகரில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் நிறுவப்பெற்றது. நமக்கு அணித்தாய வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய சிறு வைத்தியசாலை இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, கதிர்ப்படம் பிடித்தல், கதிர்ச் சிகிச்சை, மருத்துவ பௌதிகம் ஆகியவற்றில் மாணவர்க்குப் பயிற்சியளித்து வருகின்றது.

இத்துறையில் உத்தியோகங்கள் மூவகைப்படும். நோயாளியைப் படம் பிடிக்கும் கதிர்ப்பட நிபுணர் ஒரு வகை. புற்று முதலிய நோய்களுக்குக் கதிரால் சிகிச்சை நடத்தும் நிபுணர் மற்றொரு வகை. சிகிச்சைக் கதிரின் அளவைக் கணித்தும் அளந்தும் சரிபார்க்கும் மருத்துவ பௌதிகர் மூன்றாம் வகையினர். பௌதிகப் பட்டம் பெறும் நம் மாணவர் இம்மூன்றாவதை மறத்தலாகாது. மருத்துவ பௌதிகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றோ, பௌதிகத்தில் முதுகலை முடித்துப் பம்பாய் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக் கதிரியற் பௌதிக டிப்ளமா பெற்றோ, பின்னர் ஓராண்டு சிகிச்சை நிலையத்திற் பயின்று இப்பதவியை எய்தலாம். இம்மூவகையினரும் பணிபுரியும் இடங்களில் கதிர்ப் பாதுகாப்பைக் கண்காணிப்பது, 1983இல் ஏற்படுத்தப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். 2004ஆம் வருஷத்துக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் இவர்கள் யாவரையும் கட்டுப்படுத்துவன. இவ்விரண்டின் பெயரையும் அறியாது பரீக்ஷைக்குச் செல்வது, முகவரி அறியாது பிரயாணம் புறப்படுவதை ஒக்கும்.

2. எண்ணும் அதன் காரணமும்

பரீக்ஷகர் முதலில் வினவுவன பெரும்பாலும் எண்களே. கதிர்ப்பணியாளர் ஒருவர் தொடர்ந்த ஐந்தாண்டுகளின் சராசரியில் ஆண்டொன்றுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படாமலும், எந்த ஓராண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பொது ஜனங்களுக்கு ஆண்டொன்றுக்கு 1 மில்லிசீவர்ட் எல்லையாகும். இவ்வளவும் யாரும் ஒரு மாலைப் பொழுதில் நெட்டுருச் செய்யலாம். ஆனால் அடுத்த வினா இவ்வாறு வரும்: "நோயாளிக்கு எல்லை யாது?" நெட்டுருச் செய்தவன் இங்கே திகைப்பான். நோயாளிக்கு எல்லை வகுக்கப்படவில்லை என்பதே விடை. காரணம் யாதெனின், அவர் பெறும் கதிரால் அவருக்கே நன்மை விளைகின்றது; எல்லையொன்றை வகுத்தால் உயிர்காக்கும் பரிசோதனையே தடைப்படுதல் கூடும். எல்லைக்குப் பதிலாக அவரைக் காப்பன இரண்டு: அப்பரிசோதனை உண்மையில் அவசியந்தானா என்னும் ஆராய்வு ஒன்று, அவசியமாயின் போதிய படத்திற்கு வேண்டிய மிகக் குறைந்த கதிரையே செலுத்துதல் மற்றொன்று.

ஒப்பிட்டு நோக்கவும் கற்றல் வேண்டும். இயற்கையாகவே மண்ணினின்றும் வானினின்றும் மக்கள் பெறும் கதிர் உலகச் சராசரியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட், தோரியம் கலந்த மணல் செறிந்த மணவாளக்குறிச்சி, சவரா முதலிய கடற்கரைகளில் இது மிகுதி. மார்புப் படம் ஒன்றினாற் பெறுவது 1 மில்லிசீவர்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மார்பின் சி.டி. பரிசோதனையோ பல மில்லிசீவர்ட் அளவினது. "எக்ஸ்ரே எடுத்தால் ஆபத்தா?" என்று அஞ்சும் தாய்க்கு இவ்வெண்களைக் கொண்டு நிதானமாக விடை கூறத் தெரிந்தவனையே வைத்தியசாலை விரும்பும்.

பாதுகாப்பின் மூன்று உபாயங்களாவன காலம், தூரம், தடுப்பு. கதிர் தோன்றும் புள்ளியினின்றும் ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பவன் இரண்டு மீட்டருக்கு விலகின் பெறும் கதிர் நாலில் ஒன்றாகும். மூன்று மீட்டருக்கு விலகின் ஒன்பதில் ஒன்றாகும். ஓர் அடி பின்னே வைத்தலுக்குப் பணச் செலவு யாதுமில்லை. இதனை உணர்ந்தவனுக்கு வார்டில் படம் பிடிக்கும் வண்டியின் சுவிட்சுக் கயிறு நீண்டிருப்பதன் காரணம் தானே விளங்கும்.

மார்பில் அணியும் டி.எல்.டி. பட்டையைக் குறித்தும் வினவுவர். அது கதிரைத் தடுப்பதன்று. அணிவோன் பெற்ற அளவைக் காட்டுவது மாத்திரமே. ஈய அங்கி அணியுங்கால் பட்டையை அங்கிக்கு உட்புறம் அணிதல் வேண்டும்; ஏனெனில் நாம் அறிய வேண்டியது அங்கி பெற்ற கதிரையன்று, உடல் பெற்றதை. ஒருவர் பட்டையை மற்றொருவர் அணிவது இருவர் கணக்கையும் பொய்யாக்கும்.

பழைய பிலிம் முறையில் கதிர் மிகுந்தால் படம் கருத்துப்போய்ப் பிடித்தவனைக் காட்டிக் கொடுத்துவிடும். இன்றைய டிஜிட்டல் முறையிலோ, கதிர் மிகுந்தால் படம் பின்னும் தெளிவாகவே தோன்றும். ஆதலின், அறியாமலே நாளடைவில் அளவு ஏறிக்கொண்டே போகும் அபாயமுண்டு. "படம் நன்றாயிருக்கிறதே, பின் என்ன குறை?" என்று பரீக்ஷகர் வினவின், கருவி காட்டும் அளவுக் குறியீட்டை ஒவ்வொரு படத்திலும் நோக்குவேன் என்று விடை கூறுபவன் இத்தொழிலின் மர்மத்தை அறிந்தவனாவான்.

3. காரணங்களைக் கற்பித்த சரித்திரம்

இவ்விதிகள் ஏட்டிற் பிறந்தவையல்ல. மனிதர் உடலிற் பிறந்தவை. எடிசனிடம் உதவியாளராயிருந்த கிளாரன்ஸ் டாலி என்பவர் எக்ஸ் கதிர்க் குழாய்களைத் தம் கைகளைக் கொண்டே சோதித்து வந்தார். கைகள் புண்பட்டு, நோய் முற்றி, 1904இல் உயிர் துறந்தார். இங்ஙனம் மாண்ட பல தேசத்தவர்க்கும் 1936இல் ஹாம்பர்க் நகரில் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பெற்றது.

காலணித் தொழிலால் வாழும் நம் பகுதியார் அறிய வேண்டியதொரு கதையும் உண்டு. 1920ஐ அடுத்த ஆண்டுகள் தொடங்கி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காலணிக் கடைகளில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. சிறுவர் புதுக்காலணியோடு அதிற் காலை நுழைத்து, எலும்பு அசைவதை மேலிருந்து கண்டு களிப்பர். காலணி பொருந்துகிறதா என்பதை விரலால் அமுக்கியே அறியலாம். ஆயினும் வியாபாரக் கவர்ச்சிக்காக வளரும் பிள்ளைகளின் எலும்பிற் கதிர் பாய்ந்தது. அடிக்கடி அருகில் நின்ற கடைச் சிப்பந்திகள் பெற்றது இன்னும் மிகுதி. 1957இல் பென்சில்வேனியா ராஜ்யம் இப்பெட்டிகளை விலக்கிற்று. பிற இடங்களிலும் அவை படிப்படியே மறைந்தன. "அவசியமின்றிக் கதிர் கூடாது" என்னும் விதிக்கு உதாரணம் கேட்கப்படின், ஆம்பூர் மாணவன் எடுத்துரைக்க இதனினும் பொருத்தமானது வேறில்லை.

2010இல் டெல்லி மாயாபுரியில் நிகழ்ந்ததும் நினைவிலிருத்தற்பாலது. பல்கலைக்கழகமொன்றில் உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட் கருவி பழைய இரும்போடு ஏலத்தில் விற்கப்பட்டது. அதனைப் பிரித்தோர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். கதிர்ப்பொருள் எங்குள்ளது, யார் பொறுப்பிலுள்ளது என்னும் பதிவேடு வெறுங் காகிதமன்று என்பதற்கு இது சான்றாகும்.

4. சந்தர்ப்பம் கூறி வினவுதல்

எண்களுக்குப் பின் பரீக்ஷகர் சந்தர்ப்பங்களைக் கூறி, "நீர் யாது செய்வீர்?" என்பர். சிலவற்றை எடுத்துக்கொள்வோம்.

குழந்தை அசைந்துகொண்டேயிருக்கிறது, யார் பிடிப்பது? படம் பிடிப்போர் பிடித்தலாகாது. அவர் நாள்தோறும் பிடிக்க நேரிடும். முதலில் கட்டுப்பட்டை, மணற்பை முதலியவற்றால் முயலுதல் வேண்டும். இயலாதாயின் கர்ப்பமுறாத பெற்றோரோ உறவினரோ ஈய அங்கி அணிந்து, நேர்க்கதிரின் வழியில் தம் கை படாமற் பிடிக்கலாம்.

இளம் பெண்ணொருத்திக்கு அடிவயிற்றுப் படம் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டத்தின் நடுவே உரத்துக் கேளாமல், தனித்து, மரியாதையுடன், கர்ப்பமாயிருத்தல் கூடுமோ என்று வினவுதல் வேண்டும். ஐயமிருப்பின் வைத்தியரிடம் தெரிவித்து அவர் தீர்மானத்திற்குக் காத்திருத்தல் கடன்.

செல்வாக்குள்ள ஒருவர் ஸ்கேன் அறைக்கு வந்து, வயிற்றிலிருப்பது ஆணா பெண்ணா என்று மெல்லக் கேட்கிறார். 1994ஆம் வருஷத்துச் சட்டம் இதனை அறவே தடுக்கின்றது. இங்கே நயமான மறுப்பு வேண்டும், தயக்கம் கூடாது.

இச்சந்தர்ப்பங்கள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. விதியைப் பின்பற்றினால் நேரம் செல்லும், ஒருவர் கோபிப்பார், அல்லது லாபம் குறையும். அந்நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும் மனத்தை விடையிற் காட்டுவதே பரீக்ஷையின் சாரமாகும்.

5. பாஷையும் பாதுகாப்பே

நம் மாணவர் ஆங்கிலத்தில் விடை கூற அஞ்சுவர். இலக்கணம் பிறழாத நீண்ட வாக்கியங்களைப் பரீக்ஷகர் எதிர்பார்ப்பதில்லை. தெளிவான சிறு வாக்கியங்கள் போதும். நண்பர் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் வினவ மற்றவர் விடை கூறி, பத்து நாள் பழகின் நா திருந்தும்.

ஆனால் இவ்வச்சத்தினிடையே நம்மிடம் முன்னமே இருக்கும் செல்வமொன்றை மறந்துவிடுகின்றோம். வாணியம்பாடி, ஆம்பூர் மாணவர் பலர் தமிழோடு உருதுவையும் தெலுங்கையும் கேட்டே வளர்ந்தவர். வேலூர் வைத்தியசாலைக்கோ வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாகாணங்களிலிருந்தும் நோயாளிகள் திரளாக வருகின்றனர். "மூச்சை இழுத்து நிறுத்துங்கள்" என்னும் கட்டளை விளங்காதபோது நோயாளி அசைவார்; படம் மங்கும்; இரண்டாம் முறை கதிர் செலுத்த நேரிடும். ஆதலின் அவ்வொரு வாக்கியத்தை உருதுவிலும் தெலுங்கிலும் ஹிந்தியிலும் வங்காளியிலும் கூறக் கற்றவன், நோயாளியின் கதிரைப் பாதியாகக் குறைக்கும் வித்தையைக் கற்றவனாவான். இதனைப் பரீக்ஷையிற் கூசாது எடுத்துரைக்க.

6. நாமும் வினவுதல்

இறுதியில் பரீக்ஷகர், "நீர் எம்மிடம் கேட்க வேண்டியது உண்டோ?" என்பர். சம்பளத்தை மட்டும் கேட்டு எழுந்து வருவோரே பலர். குடும்பத்தின் கடன், தங்கையின் படிப்பு, தந்தையின் முதுமை ஆகியவை நெஞ்சை அழுத்துங்கால் கிடைத்த வேலையே பெரிதென்று தோன்றுவது இயல்பே. அவ்வறுமையை நாம் அறியாதவரல்லோம். ஆயினும் அறியாமல் பெறும் கதிருக்கு எச்சம்பளமும் ஈடாகாது. ஆகவே பின்வருவனவற்றைப் பணிவுடன் வினவுக: இக்கருவிக்கு வாரியத்தின் உரிமம் உண்டா? எனக்கென்று தனி டி.எல்.டி. பட்டை தரப்படுமா? அதன் அளவு அறிக்கையை நான் காணலாமா? கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி யார்? கருவியின் தரச் சோதனை கடைசியாக எப்போது நடைபெற்றது? பெண்மக்கள் மற்றொன்றும் அறிந்திருத்தல் வேண்டும்: கர்ப்பம் அறிவிக்கப்பட்ட பின் கருவிலுள்ள சிசுவுக்கு எஞ்சிய காலம் முழுதும் 1 மில்லிசீவர்ட்டே எல்லை, அதற்கேற்ப வேலையை மாற்றித் தருதல் நிலையத்தாரின் கடமை.

நல்ல நிலையத்தார் இவ்வினாக்களைக் கேட்டு மகிழ்வர். பாதுகாப்பறிந்த ஒருவர் கிடைத்தாரென்று எண்ணுவர். முகஞ்சுளித்து, "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பாராயின், அதுவும் ஒரு விடையே. பட்டையில்லாத அறையில் ஈராண்டு உழைத்தவனுக்குத் தான் பெற்ற கதிரின் கணக்கே இராது. பின்னாளில் நோய் வரின் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் இராது. உத்தியோகத்தை ஏற்பதா மறுப்பதா என்பது அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றலாகாது.

ஆகவே, பரீக்ஷைக்கு முன்னாள் இரவு வினாவிடைப் புத்தகத்தைப் புரட்டுவதினும், பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு விதியின் அருகிலும் "ஏன்?" என்று எழுதி விடை காண்பதே சிறந்த ஆயத்தமாகும். சான்றிதழ்களை ஒழுங்குபடுத்துக, நிலையத்திலுள்ள கருவிகளை முன்னரே விசாரித்தறிக, அறியாததை அறியேன் என்று துணிந்து கூறுக. காணாத கதிரைக் கையாள்வோனுக்கு அவ்வுண்மையே முதற் கவசம். நம் கல்லூரியினின்று செல்வோர் அக்கவசம் பூண்டு, நோயாளிக்கும் தமக்கும் தீங்கின்றிப் பணிபுரிந்து விளங்குவாராக.